மலைக்கும் முகம் உண்டு: வாசகர் கேள்வி – பதில்

பாறை மலை, வறண்ட மலை, பாலைவன மலை ஏறிப் படம் எடுப்பவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். வந்தவற்றில் முக்கால்வாசி வெளிச்சத்தைப் பற்றியே இருந்தன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து, மதுரை – மேலூர் ரோட்டில் நின்று யானைமலையை எடுத்தேன். வெயில் நன்றாகத்தான் விழுகிறது. ஆனால் மலை, அட்டையில் வெட்டி ஒட்டினது போலத் தட்டையாக இருக்கிறது. கேமராவில் கோளாறா?
– மேலூர் வாசகர்

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. வெயில் 'நன்றாக' விழுந்ததுதான் கோளாறு.

யானைமலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு படுத்திருக்கிறது. மேலூர் ரோட்டுக்கு அது காட்டுவது தென்கிழக்குப் பக்கத்தை. மார்கழியில் சூரியன் நேர்க்கிழக்கில் உதிப்பதில்லை. மதுரையில் கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை (டிகிரி) தெற்கே தள்ளி உதிக்கிறது. அதாவது உங்கள் முதுகுப் பக்கமிருந்து, மலையின் முகத்துக்கு நேராக. அப்போது ஒவ்வொரு புடைப்பின் நிழலும் அந்தப் புடைப்புக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். பாஸ்போர்ட் போட்டோவில் நேரே பிளாஷ் அடித்தால் மூக்கு அமுங்கிப் போகிறதே, அதே கதைதான்.

இதே இடத்துக்கு வைகாசி, ஆனியில் போய் நில்லுங்கள். சூரியன் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதித்து, மலையின் நீளவாக்கில் பாறையை உரசிக்கொண்டு வரும். மழைநீர் வழிந்து கறுத்த பட்டைகள், பாறை உரிந்த விளிம்புகள், முதுகுப் பள்ளங்கள் எல்லாம் தனித்தனியாக எழுந்து நிற்கும். இன்னொரு வசதியும் உண்டு. நம் ஊரில் ஆனி மாதச் சூரியன் காலை ஒன்பது மணி வரை திசையை மாற்றாமல் உயரம் மட்டும்தான் ஏறும். ஆறு மணி சுமாருக்கு உதயம். ஆறே கால் முதல் ஏழே கால் வரை நிதானமாக எடுக்கலாம். அதற்குப் பிறகும் பக்கவெளிச்சம் இருக்கும், நிறம் மட்டும் வெளுத்துவிடும்.

மார்கழியில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, அதே ரோட்டில் பிற்பகல் இரண்டு, இரண்டரை மணிக்கு நில்லுங்கள். சூரியன் தென்மேற்கே சாய்ந்து அந்தப் பக்கத்தை உரச ஆரம்பிக்கும். இரண்டு, மாலை நாலரைக்கு மேல் மலையைச் சுற்றி அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் போய்விடுங்கள். அங்கே தெரிவது வடமேற்கு முகம். மார்கழிச் சூரியன் மேற்குக்குத் தெற்கே தள்ளி இறங்குவதால் அந்த முகத்துக்கு அது பக்கவெளிச்சம்.

எந்த மலைக்கும் செல்லுபடியாகும் சோதனை ஒன்று. நின்ற இடத்தில் ஒரு கையை மலைக்கும் மறு கையைச் சூரியனுக்கும் நீட்டுங்கள். இரண்டு கையும் கொத்தனார் மூலைமட்டம் போல நின்றால் படம் எடுங்கள். ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று நேர்க்கோடாக நின்றால் மலை தட்டையாகத்தான் விழும். இரண்டும் ஒரே பக்கம் நீண்டால் மலையின் விளிம்பு மட்டும்தான் கிடைக்கும்; அதுவும் சில சமயம் அழகுதான். காலையா மாலையா என்ற கேள்வி இதற்கெல்லாம் அப்புறம். முதலில் அந்த முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று போனில் இருக்கும் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒட்டிய பொன்னிற வெளிச்சத்துக்கு 'கோல்டன் ஹவர்' என்று ஒரு மணி நேரம் சொல்கிறார்கள். நாகமலையில் ஏறி மூச்சு வாங்கி டிரைபாடை விரிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. எங்கே தவறு?
– திருநகர் வாசகி

அந்தக் கணக்கு ஐரோப்பாக்காரர்களுக்குச் சரி. அங்கே சூரியன் சாய்வாக, இழுத்துக்கொண்டு இறங்கும். மதுரை பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக விழும். அடிவானத்திலிருந்து 6 பாகை உயரம் ஏற 25 நிமிடம் போதும். பொன்னிறம் கெட்டியாக இருப்பது அந்த 25 நிமிடம்தான். பத்து பாகை வரை இழுத்தால் 40, 45 நிமிடம்.

கையை முழுதாக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. மாலையில் சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே ஒரு முஷ்டி இடம் இருந்தால் உங்கள் கையில் 40 நிமிடம் இருக்கிறது. 'நாலு விரல் அகலம் ஒரு மணி நேரம்' என்று வெளிநாட்டு மலையேற்றக் குறிப்புகளில் வரும். மதுரையில் அது அரைமணிதான். அதை நம்பித்தான் பலர் இருட்டில் இறங்குகிறார்கள். அஸ்தமனத்துக்குப் பின் கால் வைக்கும் இடம் தெரிகிற அந்தி வெளிச்சம் 21 முதல் 23 நிமிடம். அதற்குள் இறங்க முடியாத மலை என்றால் தலையில் மாட்டும் டார்ச் கட்டாயம். போன் டார்ச்சை நம்பாதீர்கள். ஒரு கை அதற்கே போய்விடும், பாறையைப் பிடிக்கக் கை இருக்காது.

ஆகவே மேலே போய் இடம் தேடாதீர்கள். முந்தின நாளே இடத்தைப் பார்த்து வைத்து, உதயத்துக்கு 40 நிமிடம் முன்பாக டிரைபாடை நிறுத்தி, பிரேம் கட்டி, ஃபோகஸ் செய்து முடித்திருங்கள். மதுரையில் உதயம் ஜனவரி நடுவில் 6.37 அளவில், மே கடைசியில் 5.55 அளவில், அதைவைத்துப் புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

அஸ்தமனம் ஆனதும் பெட்டியைக் கட்டிவிட வேண்டாம். பத்து நிமிடம் கழித்துக் கிழக்கே திரும்பிப் பாருங்கள். அடிவானத்தில் நீலச் சாம்பலாக ஒரு பட்டை, அதன் மேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. கீழே இருப்பது பூமியின் நிழல். அந்த நேரத்தில் மேற்கைப் பார்த்த பாறைகளில் நிழலே இல்லாத மெல்லிய இளஞ்சிவப்பு படியும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப் 8 வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு வினாடியைத் தாண்டும், டிரைபாட் இல்லாமல் நடக்காது.

குகைத்தள மலைகளில் தமிழி (பழந்தமிழ் பிராமி) எழுத்துகள் நேரில் ஓரளவு தெரிகின்றன, படத்தில் காணவே காணோம். சிலர் சாக்பீஸ் பூசி எடுக்கிறார்கள். அது சரியா?
– செக்கானூரணி வாசகர்

கூடவே கூடாது. சாக்பீஸ், எண்ணெய், மாவு, தண்ணீர் எதுவும் வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய கீறலில் சுண்ணாம்புப் பொடி போய் அடைந்தால் எடுக்க வழியில்லை. பூசுகிறவர் தனக்குத் தெரிகிற எழுத்தைத்தான் பூசுவார். படிப்பவர்கள் அதையே கல்வெட்டு என்று நம்பிவிடுவார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அது குற்றமும்கூட.

எழுத்தை எழுப்பிக் காட்டுவது உரசும் வெளிச்சம். ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள கோட்டில் வெளிச்சம் 45 பாகைச் சாய்வில் விழுந்தால் நிழல் ஒரு மில்லிமீட்டர். அதே வெளிச்சம் பாறைப் பரப்புக்கு 10 பாகை நெருக்கமாகப் படிந்து வந்தால் நிழல் ஐந்தரை மில்லிமீட்டருக்கும் மேல். கீறல் அதேதான், நிழல் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டுவிடுகிறது.

உச்சி வெயில் படத்துக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். செங்குத்தான பாறையில் வெட்டிய எழுத்துக்கு உச்சி வெயிலைப் போல ஒன்று கிடையாது. மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் மதுரையில் உச்சிச் சூரியன் 80 பாகை உயரத்தில், தெற்கே சற்றுச் சாய்ந்து நிற்கும். தெற்கு பார்த்த செங்குத்துப் பாறையை அது 10 பாகையில் வழித்துக்கொண்டு இறங்கும். வடக்கு பார்த்த பாறை என்றால் மே நடுவில் போங்கள். ஏப்ரல் நடுவில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கமே நிற்கும். மே நடுவில் அது வடக்கு முகத்தை 9 பாகையில் உரசும். உச்சி என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல: மார்ச்சில் 12.25 அளவில், மே நடுவில் 12.14 அளவில். நல்ல உரசல் கிடைப்பது அதற்கு முன்னும் பின்னும் கால் மணி.

ஒரு சிக்கல் உண்டு. மாங்குளம் போன்ற இடங்களில் எழுத்து குகையின் புருவத்தில், அதாவது வாயின் மேல் விளிம்பில், வெட்டப்பட்டிருக்கிறது. பாறை முன்பக்கம் சரிந்து நீட்டிக்கொண்டிருந்தால் உச்சி வெயில் எழுத்தைத் தொடவே தொடாது. அங்கே இரண்டடிக்கு மூன்றடி அட்டையில் அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டிக் கொண்டுபோங்கள். உடன் வருபவர் வெயிலில் நின்று, எழுத்து வரிக்குப் பக்கவாட்டில் பாறையோடு பாறையாக ஒளியைத் திருப்பிவிடட்டும். தாளைக் கசக்காமல் ஒட்டினால் கண்ணாடி போல ஒரே இடத்தில் கண்ணைக் குத்தும் திட்டாக விழும். இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என மூன்று படம் எடுங்கள். படுக்கைக் கோடுகள் பக்க ஒளியில் தெரியாது, செங்குத்துக் கோடுகள் மேல் ஒளியில் தெரியாது. ஒரே படத்தை வைத்து எழுத்தைப் படித்தால் தப்பாவது இதனால்தான்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.
– ஒத்தக்கடை வாசகி

போதும். முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். மலையேறும்போது விரல் வியர்வை பட்டுப் படம் முழுக்கப் பால் படிந்த மாதிரி வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். திரையில் வெயில் படும் பாறையைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவும்) பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியைக் கீழே இழுத்து, பாறையின் மிக வெளுத்த இடத்தில் சொரசொரப்பு தெரியும் வரை குறையுங்கள். ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறச் சமன், ஆட்டோவில் இருந்தால் போன் காலைப் பொன்னிறத்தைத் தப்பு என்று எண்ணிச் 'சரிசெய்து' சாம்பலாக்கிவிடும். புரோ மோடில் 5200 – 5500 கெல்வினில் நிறுத்துங்கள். பல வெளிச்ச அளவுகளை ஒரே படத்தில் சேர்க்கும் எச்டிஆர் நிழலைத் தூக்கிவிட்டு, நீங்கள் காத்திருந்து பிடித்த பக்கவெளிச்சத்தைத் தட்டையாக்கும்; அணைக்க முடிந்தால் அணையுங்கள். அல்ட்ரா வைடு வேண்டாம், மலை கரப்பான் அளவுக்குச் சிறுத்துவிடும்.

ஜூலையில் நண்பர்களோடு லடாக்கில் லிக்கிர் – யாங்தாங் வழியாக நடக்கப் போகிறோம். பாலைவன மலைக்கு நம் ஊர்க் கணக்கு பொருந்துமா?
– மதுரைக் கல்லூரி மாணவர்

முகம் பார்க்கும் கணக்கு பொருந்தும், நேரக் கணக்கு பொருந்தாது.

லடாக்கின் முக்கிய ஊரான லே 34 பாகை வட அட்சத்தில், சுமார் 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சூரியன் சாய்வாக ஏறுவதால், முஷ்டி அகலம் ஏற ஜூன், ஜூலையில் ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். அந்த அளவுக்கு உங்களுக்கு லாபம். ஆனால் பஞ்சாங்கம் சொல்லும் உதயம் ஐந்தே கால் என்றால், பள்ளத்தாக்கின் தரைக்கு வெயில் வர இன்னும் ஒரு மணிக்கு மேல்கூட ஆகலாம். நடுவில் மலை நிற்கிறது. கிழக்கே உள்ள முகட்டை முஷ்டியால் அளந்து பாருங்கள். ஒன்றரை முஷ்டி உயரம் என்றால் சுமார் ஒன்றேகால் மணி தாமதம். வெயில் கீழே வரும்போது அது பொன்னிற வெயில் அல்ல, வெள்ளை வெயில். ஆகவே பள்ளத்தாக்கில் தங்கினால் காலையில் உங்கள் கூடாரத்தைச் சுற்றி எடுக்க ஒன்றும் இருக்காது. நிமிர்ந்து மேற்குப் பக்க உச்சிகளைப் பாருங்கள். முதல் ஒளி அங்கேதான் விழும். தூரத்தை இழுத்துக் காட்டும் நடுத்தர டெலி லென்ஸ், 100 முதல் 200 மி.மீ., அதற்குத்தான் வேண்டும். வைடு லென்ஸ் பைக்குள் இருக்கட்டும்.

வானமும் ஏமாற்றும். அந்த உயரத்தில் காற்று மெல்லிசு, ஒளி சிதறுவது குறைவு, வானம் அடர்நீலம். நம் ஊரில் வெளுத்த வானம் நிழலுக்குள் கொஞ்சம் வெளிச்சத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். அங்கே அந்தத் தயவு குறைவு, நிழல் கறுத்துக் கிடக்கும், அதில் இருக்கும் கொஞ்ச ஒளியும் நீலம். வெயில் பாறைக்கு எக்ஸ்போஷர் வைத்து, கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா ஃபைலில் எடுங்கள். இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி அல்லது இரட்டிப்பு), சரியளவு, இரண்டு ஸ்டாப் கூடுதல் என மூன்றாக எடுத்து வைத்தால் பிறகு சேர்க்கலாம். கேமராவின் திரையை நம்பாதீர்கள். அந்த வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத் தெரியும், எக்ஸ்போஷரைக் கூட்டி வைத்துவிட்டு அறைக்கு வந்து பார்த்தால் பாறை வெளுத்திருக்கும். ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, பலர் ஒப்புக்கொள்ளாதது. லடாக் மலைகளின் சிறப்பே நிறம்: ஊதா, பச்சை, துருச் சிவப்பு, லாமாயுருவில் மஞ்சள் களிமண். பொன்னிற வெயில் இத்தனையையும் ஒரே ஆரஞ்சாக்கிவிடும். நிறம்தான் வேண்டும் என்றால் காலை எட்டரை முதல் பத்து வரையோ, மெல்லிய வெண்மேகம் சூரியனை மூடும் நேரத்திலோ எடுங்கள். லாமாயுருவின் களிமண் மடிப்புகளுக்கு மட்டும் மாலைச் சாய்வெயில். அங்கே நிறத்தைவிட உருவம் பெரிது.

நடையையும் இதற்குத் தக்கபடி மாற்றுங்கள். கணவாயைக் காலையில் கடந்துவிடுவது வழக்கம், அது சரியும்கூட; பிற்பகலில் காற்று எழும்பிப் புழுதி வரும். புழுதியில் லென்ஸ் மாற்ற வேண்டாம். மாலையில் தங்குமிடம் மூன்று, நாலு மணிக்கே வந்துவிடும். டீ குடித்துவிட்டுத் திசைகாட்டியை எடுத்து, எதிர்ச் சரிவில் எந்த முகத்துக்கு ஆறு மணி வெயில் உரசும் என்று பாருங்கள். இரவுக் குளிரில் பேட்டரி இறங்கிவிடும், தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். லே போய் இறங்கிய முதல் இரண்டு நாள் சூரிய உதயம் பார்க்கிறேன் என்று எந்த மேட்டிலும் ஏறாதீர்கள். படுத்து ஓய்வெடுங்கள். உயரத்துக்கு உடம்பு பழகாமல் ஏறியவர் ஊர் திரும்புவதே பாடாகிவிடும்.

பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி வாங்கலாமா?
– திருமங்கலம் வாசகர்

வாங்கலாம், எப்போதும் மாட்டியிருக்க வேண்டாம். சூரியனுக்கு மூலைமட்டமான திசையில்தான் முழு வேலை செய்யும். 20 மி.மீ.க்குக் கீழே உள்ள வைடு லென்ஸில் வானத்தின் நடுவில் மட்டும் நீலக் கறை போல விழும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். லடாக்கில் முழுக்கத் திருப்பினால் வானம் கறுப்பாகிவிடும், பாதி போதும். நம் கருங்கல் மலைகளுக்கு அதனால் உண்மையான லாபம் மழைக்குப் பிறகுதான். ஈரப்பாறையின் பளபளப்பைத் துடைத்து உள்நிறத்தைக் காட்டும்.

நாகமலை மேலிருந்து மேற்கே மலைகள் அடுக்கடுக்காக நிற்கும் படம் எந்த மாதத்தில் கிடைக்கும்? நான் போகும்போதெல்லாம் ஒரே புகைமூட்டம்.
– நாகமலைப் புதுக்கோட்டை வாசகர்

அடுக்கு வேண்டும் என்றால் கொஞ்சம் மூட்டம் இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் நடுவே உள்ள காற்று பின்னிருந்து வரும் ஒளியில் வெளுப்பதால்தான் முன்மலை கறுப்பாகவும் பின்மலை சாம்பலாகவும் பிரிகிறது. காற்று சுத்தமாக இருந்தால் எல்லாம் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். நீங்கள் தேட வேண்டியது நடுத்தர மூட்டம். புரட்டாசி, ஐப்பசியில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மாலை நல்லது. பங்குனி, சித்திரையில் தூசி கெட்டியாகி எதுவுமே தெரியாது. தவிர காலை பத்துக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பி, 200 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸில் விளிம்பெல்லாம் நெளியும். அது ஃபோகஸ் பிழை அல்ல, எந்த லென்ஸ் வாங்கினாலும் தீராது.

ஆனியில் சூரியன் கிட்டத்தட்டக் கொடைக்கானல் திக்கில் இறங்கும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்போது தென்மேற்குப் பருவம். அஸ்தமனத்துக்கு அரைமணி முன்பே மலை மேல் நிற்கும் மேகம் சூரியனை விழுங்கிவிடும். தையில் சூரியன் தென்மேற்கே நகர்ந்து ஆண்டிபட்டி மலைப் பக்கம் இறங்கும். அந்த மாதம் பாதுகாப்பான பந்தயம். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறையுங்கள். கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேரே பார்க்காதீர்கள்.

சித்திரைப் பௌர்ணமி நிலா யானைமலை மேல் எழுவதை ஊருக்குள்ளிருந்து எடுக்க முடியுமா?
– தல்லாகுளம் வாசகி

ஊருக்குள்ளிருந்து முடியாது. மீனாட்சி கோயில் பக்கத்திலிருந்து பார்த்தால் யானைமலை வடகிழக்கில் இருக்கிறது. அவ்வளவு வடக்கே நிலா எழுவதே இல்லை. அதிலும் சித்திரைப் பௌர்ணமி நிலா கிழக்குக்குத் தெற்கே தள்ளித்தான் எழும். ஆகவே நீங்கள் மலைக்கு வடமேற்கே போக வேண்டும்: அழகர்கோவில் ரோட்டில் கடச்சனேந்தலைத் தாண்டி, மலை தென்கிழக்கில் தெரியும் இடம் வரை. போட்டோபில்ஸ் போன்ற செயலிகளில் வரைபடத்தின் மேல் நிலா எழும் கோடு தெரியும். அதை மலை முதுகின் மேல் வைத்து நிற்கும் இடத்தைச் சரிபாருங்கள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் எடுங்கள். பௌர்ணமியன்று நிலா எழும்போது சூரியன் மறைந்திருக்கும். மலைக்கு எக்ஸ்போஷர் வைத்தால் நிலா வெளுத்த வட்டமாகும், நிலாவுக்கு வைத்தால் மலை காணாமல் போகும். முந்தின நாள் நிலா சுமார் முக்கால் மணி முன்னதாக எழுவதால் மலை மேல் இன்னும் வெயில் இருக்கும், இரண்டும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். வெயில் நேர்முகமாக விழும், மலை கொஞ்சம் தட்டைதான். நிலாவுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 200 மி.மீ. லென்ஸில் நிலா சென்சாரில் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெரிதாக வேண்டுமென்றால் 400க்கு மேல், மலையிலிருந்து இன்னும் தள்ளி நின்று. ஷட்டர் ஒரு வினாடிக்கு மேல் போனால் நிலா நகர்ந்து விளிம்பு மங்கிவிடும்.

அரிட்டாபட்டியில் ட்ரோன் விடலாமா? மேலிருந்து மாலை வெளிச்சம் பிரமாதமாக இருக்கும் என்கிறார்கள்.
– அ.வல்லாளபட்டி வாசகர்

வேண்டாம். 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் இருக்கும் பாறைகள். ட்ரோனைக் கண்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும். முட்டையோ குஞ்சோ அந்த நேரம் முழுக்கப் பாறைச் சூட்டில் கிடக்கும். கீழிருந்து டெலி லென்ஸில் எடுங்கள். பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள், பின்னால் போய்விடுங்கள். பாறை முகட்டில் மலைத்தேனீ அடை தொங்கும் இடங்களில் பிளாஷும் சென்ட்டும் கூடாது.